வெற்றிவிழாவும் செத்தவீடும்

வடமராட்சிக் கிராமங்களில் நெடுங்காலமாய் நின்று நிலவும் வழக்கம் ஒன்றுண்டு. எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டான் என்று அயலவன்மேல் வழக்குத் தொடுத்து, பருத்தித்துறை நீதிமன்றப் படிகளில் பத்து வருடம் ஏறி இறங்கியவனும், அந்த அயலவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் அவன் முற்றத்தில் நிற்பான். அதே வீட்டில் கலியாணம் நடந்தபோது அவன் போயிருக்கமாட்டான். போகாததை ஊரவரும் குற்றமாய்க் கொண்டிருக்கமாட்டார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது எம் மூத்தோர் வகுத்த முறை. வழக்கறிஞருக்கும் தெரிந்த, தோட்டக்காரருக்கும் தெரிந்த இந்த முறை, உலகத்துப் பேரரசுகளுக்கு இன்றுவரை தெரியாமல் இருக்கின்றது என்பதே எமது வியப்பு.

ஒரு போரில் தோளோடு தோள் நின்ற நாடுகள், போர் முடிந்தபின் ஒன்று மற்றொன்றின் வெற்றி அணிவகுப்புக்கு விருந்தாளியாய்ச் செல்லலாமா, செல்லலாகாதா என்னும் கேள்வி ஆண்டுதோறும் உலகத் தலைநகரங்களில் எழுகின்றது. மொஸ்கோவில் எவர் எந்த ஆசனத்தில் அமர்ந்தால் எமக்கென்ன, வெங்காயம் நடுகிறவனுக்கும் புகையிலைக்கு நீர் இறைக்கிறவனுக்கும் இதனால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால், கொழும்புக் காலிமுகத்திடலில் எமது அழிவின்மேல் எழுப்பப்பட்ட மேடையிலும் விருந்தினருக்கென ஆசனங்கள் போடப்பட்டிருந்தன. அவற்றில் உலக நாடுகளின் தூதுவர் அமர்ந்திருந்தனர். ஆதலின் இக்கேள்வி எம்முடைய கேள்வியுமாகும். அதற்கு விடை காணுமுன், பெரிய நாடுகள் தமக்குள் இதனை எவ்வாறு கையாண்டன என்பதைச் சற்று நோக்குவோம்.

நட்பு முறிந்த வேகம்

இரண்டாம் உலகப் போர் எமக்கும் அயலான போரன்று. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. எமது கிழக்குக் கடலில், மட்டக்களப்புக்கு அப்பால், பிரிட்டிஷாரின் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்தப் போரில் ருஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் ஓரணியில் நின்றன. சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் மாண்டனர். இந்தியாவிலிருந்து 25 இலட்சம் போர்வீரர் அப்போருக்குச் சென்றனர்.

இத்தனை பேரின் இரத்தத்தால் எழுதப்பட்ட நட்பு எத்தனை காலம் நின்றது? 1945 செப்டெம்பர் 7ஆம் நாள் பெர்லினில் நான்கு வல்லரசுகளும் சேர்ந்து வெற்றி அணிவகுப்பொன்றை நடத்தின. ருஷ்யத் தளபதி சூக்கோவ் மரியாதையை ஏற்க வந்து நின்றார். அமெரிக்கத் தளபதி ஐசனோவரும் பிரிட்டிஷ் தளபதி மொன்கொமரியும் வரவில்லை. தமக்குக் கீழுள்ளவரை அனுப்பிவிட்டனர். ஜேர்மனி சரணடைந்து அப்போது நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. மறுவருடம், 1946 யூன் 8ஆம் நாள், இலண்டனில் பெரிய வெற்றி அணிவகுப்பு நடந்தபோது ருஷ்யர் ஒருவரும் அதில் நடக்கவில்லை.

அந்த இலண்டன் அணிவகுப்பிலே இன்னுமொரு குறை நேர்ந்தது. 1940இல் பிரிட்டனின் வானத்தைக் காத்தவர்களுள் 145 போலந்து விமானிகளும் இருந்தனர். இத்தாலியிலும் பிரான்சிலும் போலந்துப் படையினர் பிரிட்டிஷாருடன் நின்று மடிந்தனர். ஆனால், வெற்றி விழாவுக்கு அழைப்புப் போனதோ, ஸ்டாலினின் நிழலில் வார்சோவில் அமைந்த புதிய அரசுக்கு. அவ்வரசு எவரையும் அனுப்பவில்லை. பிரிட்டிஷ் விமானப் படையுடன் பறந்தவருள் 25 பேரை மாத்திரம் நடக்க வரும்படி கேட்டனர். எங்கள் தரைப்படைத் தோழர்களுக்கு இடமில்லாத அணிவகுப்பில் எங்களுக்கும் இடம் வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். போரிட்டவன் வீதியோரத்தில் நிற்க, போரிடாத அரசின் பெயர் அழைப்பிதழில் இருந்தது. வெற்றி அணிவகுப்பு என்பது நடந்துமுடிந்த போரைப் பற்றியதன்று, நடக்கப்போகும் அரசியலைப் பற்றியது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

செஞ்சதுக்கத்து ஆசனங்கள்

பனிப்போர் முடிந்தபின் மேற்கு நாட்டுத் தலைவர்கள் மொஸ்கோவுக்குப் போகத் தொடங்கினர். 1995 மே 9ஆம் நாள், போர் முடிந்து 50 ஆண்டு நிறைந்தபோது, அமெரிக்க ஜனாதிபதி கிளின்ரன் சென்றார். அப்பொழுது செச்சினியாவில் ருஷ்யப் படைகள் குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்தன. ஆகவே ஒரு நுட்பமான ஏற்பாடு செய்யப்பட்டது. செஞ்சதுக்கத்தில் மார்பு நிறையப் பதக்கம் அணிந்து தள்ளாடி நடந்த கிழவர்களின் அணிவகுப்பை வெளிநாட்டுத் தலைவர்கள் நின்று பார்த்தனர். நகரின் வேறொரு புறத்தே, குன்றடியில், டாங்கிகளும் பீரங்கிகளும் உருண்ட அணிவகுப்புக்கு அவர்கள் போகவில்லை. பழைய போரில் உடன் நின்றவனுக்கு வணக்கம். புதிய போருக்குப் போகும் டாங்கிக்கு வணக்கம் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

2005இல் புஷ் சென்றார். எஸ்தோனியா, லித்துவேனியா ஆகிய சிறு நாடுகளின் தலைவர்கள் போகவில்லை. ஹிட்லரின் படையை விரட்டியவர்கள் தம் நாட்டைவிட்டு வெளியேற அரை நூற்றாண்டு எடுத்ததே அவர்களது குறை. 2010இல் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, போலந்துப் படையினர் செஞ்சதுக்கத்திலேயே அணிநடை போயினர். நட்பு மீண்டது என்று உலகம் மகிழ்ந்தது. நான்காவது ஆண்டிலே ருஷ்யா கிரிமியாவைக் கைக்கொண்டது.

2015இல் மேற்கு நாட்டுத் தலைவர் பெரும்பாலோர் மொஸ்கோவைப் புறக்கணித்தனர். இந்திய ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி சென்றார். இந்தியப் படையினரும் அங்கு நடந்தனர். ஜேர்மன் தலைவி அங்கேலா மேர்க்கெல் என்ன செய்தார்? மே 9ஆம் நாள் அணிவகுப்புக்கு அவர் போகவில்லை. மறுநாள், டாங்கிகள் திரும்பிப்போன பின், மொஸ்கோவுக்குச் சென்று, பெயர் அறியாப் போர்வீரனின் சமாதியில் மலர்வளையம் வைத்து வணங்கினார். அவர் போரில் நண்பராயிருந்த நாட்டவருமல்லர், தோற்ற நாட்டவர். ஆயினும், எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்பதை வென்றவர்களைக் காட்டிலும் தோற்ற நாட்டவர் தெளிவாய் உணர்ந்திருந்தார். எமது கிராமத்து முறையையே அவர் செய்தார். விழாவுக்குப் போகவில்லை, செத்தவீட்டுக்குப் போனார்.

2022இல் ருஷ்யா உக்கிரேனுக்குட் படை நடத்தியபின் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. ஹிட்லரை முறியடித்த செஞ்சேனையில் உக்கிரேனியரும் இலட்சக்கணக்கில் இருந்தனர். அவ்வெற்றி அவர்களுக்கும் உரியது. அந்த வெற்றியின் பெயரால் நடக்கும் அணிவகுப்பிலே, அவர்களின் ஊர்களை இன்று இடிக்கும் படைக்கலங்களே உருண்டன. ஆதலால் உக்கிரேன் தன் நினைவுநாளையே மே 8க்கு மாற்றிக்கொண்டது. பிரான்சின் நோர்மண்டிக் கடற்கரையில், கிரிமியா பறிபோன 2014இலும் புட்டினுக்கு இடம் கொடுக்கப்பட்டது. பத்தாண்டின் பின், 2024இல், ருஷ்யருக்கு அங்கு இடமில்லை. 2025 செப்டெம்பர் 3ஆம் நாள் பீக்கிங்கில் சீனா தன் வெற்றி அணிவகுப்பை நடத்தியபோது, இந்தியப் பிரதமர் மோடி இரண்டு நாள் முன்னர்தான் அந்நாட்டின் தியன்ஜினில் மகாநாட்டில் இருந்தார், அணிவகுப்புக்குத் தங்கவில்லை. மகாநாட்டு மேசைக்குப் போவது வேறு, படைக்கலக் காட்சிக்குக் கைதட்டப் போவது வேறு என்பதை இந்தியாவும் அறியும்.

காலிமுகத்திடலுக்கு வருவோம்

இனி எமது நாட்டுக் கதைக்கு வருவோம். 2009 மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் போர் ஓய்ந்தது. மறுநாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் வெற்றியை அறிவித்தார். தமிழிலும் சில வார்த்தை பேசினார். அந்தத் தமிழைக் கேட்டு, இனியாவது என்று ஏங்கிய உள்ளங்கள் எம்மிடையே இல்லாமற் போகவில்லை. ஆனால், யூன் 3ஆம் நாள் காலிமுகத்திடலில் முப்படையும் அணிவகுத்தது. அவ்வேளை ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழ் மக்கள் வவுனியாவின் முகாம்களில் முட்கம்பிக்குப் பின்னால் அடைபட்டிருந்தனர். தாயைத் தேடும் பிள்ளையும் பிள்ளையைத் தேடும் தாயும் அங்கே இருக்க, இங்கே டாங்கிகள் உருண்டன, போர்விமானங்கள் பறந்தன.

அந்தப் போரில் கொழும்பின் கூட்டாளிகள் யாவர்? ஒரு நாடல்ல, உலகத்திற் பாதி. கிபீர் விமானம் இஸ்ரவேலில் இருந்து வந்தது. மிக் விமானங்கள் உக்கிரேனில் இருந்து வந்தன. சீனாவும் பாகிஸ்தானும் படைக்கலம் தந்தன. கடற்படையின் சயுர என்னும் கப்பல் இந்தியாவிலிருந்தும், சமுதுர என்னும் கப்பல் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. ஒன்றோடொன்று எல்லையிற் சுட்டுக்கொள்ளும் நாடுகள் எமது விஷயத்தில் மாத்திரம் ஒரே வண்டியில் ஏறின. 2009 மே 27ஆம் நாள் ஜெனீவா மனித உரிமைச் சபையில், கொழும்பைப் பாராட்டும் தீர்மானத்துக்கு 29 நாடுகள் கை உயர்த்தின. இந்தியாவும் சீனாவும் பாகிஸ்தானும் ருஷ்யாவும் அந்த 29இல் இருந்தன. எதிர்த்தவை 12, ஒதுங்கி நின்றவை 6.

இந்த வெற்றிக்கும் 1945இன் வெற்றிக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே வென்றவன் ஒரு நாட்டான், தோற்றவன் இன்னொரு நாட்டான். பெர்லினைப் பிடித்தவன் மொஸ்கோவில் விழாக் கொண்டாடினான். இங்கேயோ, செத்தவரின் பெற்றோரும் அணிவகுத்துப் போனவரின் பெற்றோரும் ஒரே அரசுக்கு வரி கட்டுகின்றனர். 2011இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்றது. அதே அறிக்கை, தப்பியோட முயன்ற மக்களைத் தடுத்துச் சுட்டனர் என்று புலிகள் மேலும் குற்றம் சாட்டியது. இரண்டையும் மறையாமற் சொல்லுகின்றோம். ஏனெனில், இறந்தவன் எவன் குண்டுபட்டு இறந்தாலும் அவன் இந்நாட்டின் குடிமகன். தன் குடிமக்களின் சாவுக்குத் தானே வெற்றிக்கொடி ஏற்றும் அரசின் பக்கத்தில், வெளிநாட்டுத் தூதுவன் ஒருவன் வெள்ளைக் கையுறையோடு அமர்வது மரியாதை முறையன்று. அது பக்கச் சாட்சியாகும்.

கூட்டாளிகளின் கதி

வெற்றி மேடை எவ்வளவு நிலையற்றது என்பதற்குத் தெற்கிலேயே சான்று கிடைத்தது. போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா, 2010 ஜனவரித் தேர்தலில் ராஜபக்ஷவை எதிர்த்து நின்றார். காலத்தின் கோலம், எமது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்தத் தளபதிக்கே வாக்களிக்கும்படி சொல்லிற்று. யாழ்ப்பாணத்தில் அவருக்கே கூடிய வாக்கு விழுந்தது. பெப்ரவரி 8ஆம் நாள் அவர் கைதுசெய்யப்பட்டார். அவ்வருட வெற்றி அணிவகுப்பு யூன் மாதம் நடந்தபோது, வெற்றியின் தளபதி காவலில் இருந்தார். ஒரு வீட்டுக் கூட்டாளிகளே ஓராண்டுக்குள் ஒரே மேடையில் நிற்க முடியாது போயினர். வெளிநாட்டுக் கூட்டாளிகள் நின்றது மாத்திரம் மெய்யான நட்பினாலா?

2014இல் அணிவகுப்பு மாத்தறையில் நடந்தது. நாள், மே 18. எம்மவர் விளக்கேற்றும் அதே நாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்நாள்களில் மூடப்பட்டிருந்தது. அங்கே கொண்டாடச் சுதந்திரம், இங்கே அழவும் தடை. அவ்வருடம் கனடிய உயர்ஸ்தானிகர் அணிவகுப்புக்குப் போக மறுத்தார். போர்க்காலப் பேச்சைக் கடந்து இணக்கத்தை நோக்கி நடக்கும் காலம் வந்துவிட்டது என்பது அவர் தெரிவித்த கருத்து. கனடா புலிகளின் நண்பன் அன்று. 2006இல் அவ்வியக்கத்தைத் தடைசெய்த நாடு. கொழும்பின் நியாயம் என்று தான் கருதியதை ஏற்றுக்கொண்ட நாடுதான், கொழும்பின் கொண்டாட்டத்தை ஏற்க மறுத்தது. நண்பன் செய்யவேண்டிய வேலை இதுவே.

2015இல் ஆட்சி மாறியது. புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, வெற்றி நாள் என்ற பெயரை நினைவு நாள் என்று மாற்றினார். மறுவருடம் முதல் பெரும் படைக்கல அணிவகுப்புக் கைவிடப்பட்டது. போன ஒரு தூதுவராலும் போகாத ஒரு தூதுவராலும் இம்மாற்றம் நிகழ்ந்தது என்று கூற யாம் முன்வரவில்லை. ஆனால், கைதட்டுவோர் குறையக் குறைய மேடையின் உயரமும் குறையும் என்பது உலகியல்பு.

போவதால் நன்மை விளைவதில்லையா?

இனி எதிர்வாதத்தையும் கேட்போம். போகாமல் இருப்பது எளிது; போய்ச் சொல்வதே கடினம்; கதவை அடைத்தவன் யாரோடு பேசுவான் என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. 2014இல் புட்டினை நோர்மண்டிக்கு அழைத்தபடியாலேயே, அங்கு அவரும் உக்கிரேனின் புதிய தலைவரும் நேரிற் சந்திக்க முடிந்தது. 2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மகாநாடு கூடியபோது, கனடாப் பிரதமரும் மொறீசியஸ் பிரதமரும் வர மறுத்தனர். இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வரவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கமரோன் வந்தார். வந்தவர் கொழும்பு விருந்தோடு நின்றாரா? நவம்பர் 15ஆம் நாள் யாழ்ப்பாணம் வந்தார். முகாமிலே ஓலைக் குடிசைக்குள் இருந்தவர்களைக் கண்டார். காணாமற் போனோரின் தாய்மார் வீதியில் படம் தாங்கி அழுததை உலகம் கண்டது. மார்ச் மாதத்துக்குள் விசாரணை தொடங்காவிட்டால் ஜெனீவாவில் சர்வதேச விசாரணை கேட்போம் என்று சொல்லிப் போனார். 2014 மார்ச்சில் அவ்விசாரணைக்கான தீர்மானம் 23 வாக்குகளால் நிறைவேறியது.

அப்படியானால், போகலாம் என்பதா எமது முடிவு? மகாநாட்டுக்குப் போகலாம், பேச்சுவார்த்தைக்குப் போகலாம், அங்கே விருந்தாளிக்கு வாய் உண்டு. அணிவகுப்பில் விருந்தாளிக்கு வாய் இல்லை. எழும்பு என்றால் எழும்பவும் இரு என்றால் இருக்கவும் மாத்திரம் அங்கு இடமுண்டு. அவன் மனத்துக்குள் எத்தனை மறுப்பு இருந்தாலும் மறுநாட் பத்திரிகையில் வருவது அவன் படம் மாத்திரமே. ஆகவே கமரோன் வந்ததைக் காட்டி அணிவகுப்புக்குப் போவதை நியாயப்படுத்த முடியாது. அவர் வருகைக்குப் பெறுமதி தந்தது கொழும்பு விருந்தன்று, யாழ்ப்பாணத்துக் குடிசை.

இந்தியாவுக்கு ஒரு வார்த்தை

இவ்விடத்தில் எமது பெரிய அயல்நாட்டுக்கும் உரிமையோடு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1987 மே 26ஆம் நாள் வடமராட்சிமேல் இலங்கைப் படை பாய்ந்ததை இவ்வூர் மறக்காது. யூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதி போட்டதையும் மறக்காது. எட்டு வாரத்துக்குள் கொழும்பும் டில்லியும் கூட்டாளிகளாயின. ஒப்பந்தம் கைச்சாத்தான மறுநாள், யூலை 30ஆம் நாள், கொழும்பில் மரியாதை அணியைப் பார்வையிட்டு நடந்த ரஜீவ் காந்தியை, அவ்வணியில் நின்ற கடற்படையாள் ஒருவனே துவக்குப் பிடியால் அடித்தான். மரியாதை அணிவகுப்புகளை நம்பும் தலைவர்களுக்கு அதனிலும் பெரிய பாடம் வேறில்லை.

பின்னர் நேர்ந்தவை யாவரும் அறிந்தவை. மூன்றாண்டுக்குள் இந்தியப் படையினர் 1,100க்கு மேற்பட்டோர் இம்மண்ணில் மடிந்தனர். அவர்களுக்குக் கோட்டேயில், பாராளுமன்றத்துக்கு அருகே, நினைவுச் சின்னம் உண்டு. 2015இலும் 2025இலும் மோடி அங்கு மலர்வளையம் வைத்தார். வைக்கட்டும், தாய்க்குப் பிள்ளை எந்தச் சீருடையில் செத்தாலும் பிள்ளையே. ஆனால், 1987 ஒக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வைத்தியரும் தாதியரும் நோயாளருமாக ஏறத்தாழ 70 பேர் சுடப்பட்டு இறந்தனர். 1989 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், பருத்தித்துறைக்கு மேற்கே சிறு தொலைவிலுள்ள வல்வெட்டித்துறையில், 50க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கோட்டேக்கு மலர் கொண்டுவரும் கை, பெரியாஸ்பத்திரிக்கும் வல்வெட்டித்துறைக்கும் ஆளுக்கொரு மலர் கொண்டுவந்தால் அது இந்தியாவின் பெருமையைக் குறைக்காது. இந்த நாட்டிலே எந்த வல்லரசின் எந்த வெற்றி விழாவும் தேடித்தராத அன்பை அந்த ஒரு மலர் தேடித்தரும்.

எமக்கும் இதே முறை

பிறருக்கு முறை சொல்பவன் தன் முற்றத்தையும் கூட்ட வேண்டும். முள்ளிவாய்க்கால் மணலிலே மே 18ஆம் நாள் நடப்பது செத்தவீடு. அங்கே முன்வரிசை எவர்க்கு, முதற் சுடர் எவர் கையால் என்று எமது கட்சிக்காரர் இழுபறிப்பட்ட நாள்களும் உண்டு. செத்தவீட்டில் முன்வரிசை பிள்ளையைக் கொடுத்தவளுக்கு உரியது. தேர்தலில் நின்றவருக்கு உரியதன்று. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் துயர்நாளுக்கு எம்மில் எத்தனை பேர் போய் நின்றோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசு வெளியிட்ட கணக்கின்படியே, 2006 முதல் 2009 வரை 6,200க்கு மேற்பட்ட படையினர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அநுராதபுரத்திலும் குருநாகலிலும் மொனராகலையிலும், வயல் வருமானம் போதாமையாற் படைக்குச் சேர்ந்த கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய் தன் மகனின் பெயர் பொறித்த கல்லின்முன் விளக்கேற்றி அழுதால், அது வெற்றிவிழாவன்று, அதுவும் செத்தவீடே. அந்த முற்றத்துக்கு ஒரு தமிழன் போய் நின்றால் அவன் தமிழினத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆகமாட்டான். அதே தமிழன் காலிமுகத்திடலில் டாங்கிக்குக் கைதட்டினால் ஆவான். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எம் மக்கள் நன்கறிவர். 2015 பெப்ரவரி 4ஆம் நாள் திரு. சம்பந்தன் சுதந்திர தின விழாவுக்குச் சென்றபோது எழுந்த கண்டனமும் ஆதரவும் இந்த அளவுகோலாலேயே நிறுக்கப்பட வேண்டியவை. விழாவில் அவருக்கு ஆசனம் தந்தவர்கள், பதிலுக்கு எமது செத்தவீட்டுக்கு வந்தார்களா என்பதே கேள்வி.

அளவுகோல் மூன்று

ஆகவே, போரிலே கூட்டாளியாயிருந்த எந்த நாடும், மற்ற நாட்டின் அழைப்பிதழ் கைக்கு வந்ததும் மூன்று கேள்வி கேட்கட்டும். அங்கே முதலிடம் இறந்தவனுக்கா, ஆயுதத்துக்கா? அந்நாளில், தோற்றவனும் தன் வீட்டில் விளக்கேற்ற விடப்படுகின்றானா? அங்கு போகும் யான், அதே பயணத்தில் அவன் வீட்டு முற்றத்திலும் போய் நிற்க முடியுமா? மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின் போகட்டும். ஒன்றுக்காவது விடை இல்லையாயின், டாங்கிகள் திரும்பிப் போகும்வரை பொறுத்திருந்து, மறுநாட் காலை தனியே போய்ச் சமாதியில் மலர் வைக்கட்டும்.

கொழும்பு அரசுக்கும் இதையே சொல்கின்றோம். அணிவகுப்பைக் கைவிட்டதை வரவேற்கின்றோம். ஆனால் அது பாதி வழி. 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூண் இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் கொதித்தெழுந்தபின் மீண்டும் கட்டப்பட்டது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், நினைவுக் கஞ்சி பரிமாறியதற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டனர். உப்பும் அரிசியும் நீரும் சேர்ந்த கஞ்சிக்கு அஞ்சும் அரசு எத்தனை பீரங்கியைக் காட்டினாலும் வலிய அரசு ஆகாது. அதே மே மாதத்தில், சர்வதேச மன்னிப்புச் சபையின் தலைவி முள்ளிவாய்க்காலுக்கு வந்து எம் தாய்மாரோடு நின்றார். உலகின் மறுகோடியிலிருந்து ஒருத்தி வந்து நின்ற மணலுக்கு, அதே நாட்டின் தலைநகரிலிருந்து வர இத்தனை ஆண்டு போதாதா?

இந்நாட்டு ஜனாதிபதி ஒருவர், படைப் பரிவாரமின்றி, மே 18ஆம் நாள் அம்மணலில் ஒரு விளக்கேற்றும் காலம் வரட்டும். அன்று, பத்தரமுல்லை நினைவுத்தூணுக்கு மலர் எடுத்துச் செல்ல வடமராட்சியிலிருந்தும் ஒரு தாய் புறப்படுவாள் என்று யாம் துணிந்து கூறுவோம். வெற்றி விழாவுக்கு அவளை எவரும் அழைக்கவேண்டாம், அவள் வரமாட்டாள். செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை.